புது வயிறு தேவை

எங்கள் கட்டடத்தில் நான்கு மாடி, பதினாறு வீடு. எதிர்வீட்டுப் பெட்டிக்காரருடைய சோபாவில் உட்கார்ந்து தலைசுற்றாதவர் என்று இங்கே ஒருத்தர்தான் மிச்சம் இருந்தார். அது அவர் பெண்டாட்டி. அவள் அதில் உட்காரவே இல்லை என்பதுதான் காரணம்.

நான் எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். பழைய துணிகளைப் பிரித்துத் திருத்தித் தைப்பது என் பிழைப்பு. தையல் மெஷின் கிடப்பது வாசல் கதவை ஒட்டி. வெளிச்சத்துக்காகக் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். வெளிச்சத்துக்காக மட்டும்தானா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பெட்டிக்காரர் என்று பேர் வைத்தது நான் இல்லை, கீழ்வீட்டு நர்ஸ். முகத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைப் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்று ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்கிற மனிதருக்கு வேறு என்ன பேர் வைப்பது. அந்தப் பெட்டிக்குள் இன்னும் கட்டாத வீடு தெரியும். வீடு வாங்க நினைக்கிறவர்கள் அதை மாட்டிக்கொண்டால், அஸ்திவாரம்கூடத் தோண்டாத இடத்தில், கூடம் எவ்வளவு பெரிசு, அடுப்படிக்கு வெளிச்சம் வருமா என்றெல்லாம் சுற்றிப் பார்க்கலாம். உள்ளே ஒரு கேமரா இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாம் இடது பக்கம் திரும்பினால் அதுவும் இடது பக்கம் திரும்பவேண்டும். கூரையைப் பார்த்தால் அதுவும் கூரையைப் பார்க்கவேண்டும். கேமரா என்று ஒன்று நடுவில் இருப்பதே தெரியாமல், தன் கண்ணால் பார்க்கிற மாதிரியே இருக்கவேண்டும். அதைச் சரிசெய்வதுதான் அவர் வேலை. எட்டு மாதமாக, வீட்டில் இருந்தபடியே.

“பாக்கறதச் சரி பண்ண எட்டு மாசமா தம்பி?” என்று ஒருநாள் வாயைக் கிளறினேன்.

“பாக்கறதுதான் அக்கா கஷ்டம்,” என்றார். ரொம்பக் களைத்த குரல். பெரிய தத்துவம் பேசுகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு வந்த சிக்கல் விசித்திரமானது. பெட்டியைப் புதிதாக மாட்டுகிறவருக்குத் தலைசுற்றும், குமட்டும். எவ்வளவு குமட்டுகிறது என்று பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லவேண்டும், அவர் எழுதிக்கொள்வார். ஆனால் அதே ஆளை நாலு தடவை உட்காரவைத்தால் வயிறு பழகிவிடும். பழகின வயிறு பொய் சொல்லும். அதனால் எப்போதும் புது வயிறு வேண்டும். அப்படித்தான் முதலில் மூன்றாம் மாடி தீர்ந்தது, பிறகு நான்காம் மாடி, பிறகு கீழே. என்னை உட்காரவைத்தது ஐந்தாம் மாதம். கட்டாத வீட்டின் குளியலறைவரை தைரியமாகப் போனேன். அங்கிருந்து திரும்பினபோது பாதியில் நீல வாளியைக் கேட்டேன். நான் கொடுத்த எண் ஏழு. நர்ஸ் எட்டு கொடுத்தாளாம், அவளுக்கு எப்போதும் என்னைவிட ஒன்று கூடத்தான். அந்த நீல வாளி சோபா ஓரத்திலேயே இருக்கும், வீட்டு ஆள் மாதிரி.

யாராவது “ஆடுது” என்று சொன்னால் அவர் வழுவழுப்பைக் கூட்டுவார். நம் தலை சும்மா இருக்கும்போதுகூட லேசாக நடுங்கிக்கொண்டுதான் இருக்குமாம். பெட்டி அந்த நடுக்கத்தையும் சேர்த்துக் கேமராவுக்குச் சொல்லிவிடும். அதனால் நடுவில் ஒரு வடிகட்டி வைத்திருந்தார். தலை சொன்னதும் கேமரா உடனே கேட்காது. கடைசியாகச் சொன்ன பத்திருபதைச் சேர்த்துச் சராசரி எடுத்து, வெண்ணெய் மாதிரி ஆக்கித்தான் கேட்கும். எவ்வளவு வெண்ணெய் என்பதற்கும் ஒரு எண் உண்டு. இரண்டில் ஆரம்பித்தது. நான் உட்கார்ந்தபோது ஆறு. போன வாரம் ஒன்பது. எண் ஏற ஏற ஆட்களின் குமட்டலும் ஏறியது. எங்கள் கட்டடத்துக்காரர்களுக்கு வயிறு சரியில்லை என்று முடிவுகட்டியிருந்தார். அவர் தினம் முப்பது தடவை மாட்டுகிறாரே, அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே.

கடைசிப் புது வயிறு லிஃப்ட் பழுதுபார்க்க வந்த மெக்கானிக்குடையது. மனிதர் ஒன்பது கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கிப் போனார். திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நிற்கிறது. நாங்கள் படியேறுகிறோம்.

பெட்டிக்காரர் பெண்டாட்டி விஷயத்துக்கு வருகிறேன். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். பதினான்கு வருஷம், முதல் ஷிஃப்ட். நாங்களெல்லாம் எழுந்து பல் விளக்கும்போது அவள் இரண்டு நடை முடித்திருப்பாள். மதியம் இரண்டு மணிக்குப் படியேறி வருவாள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று நின்று வருகிற சத்தம் கேட்கும். பெட்டியை அவள் தொடமாட்டாள். “ஓட்டற கண்ணுக்கா இது. அதுல வெளையாட முடியாது,” என்பாள். அவரும் வற்புறுத்தியதில்லை. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒரு திங்கட்கிழமை அவளுடைய யூனிஃபார்ம் பேன்ட்டை இடுப்பில் பிடிக்கக் கொடுத்தாள். இரண்டு விரல் பிடிக்கவேண்டியிருந்தது. ஆறு மாதம் முன்னால் அதே பேன்ட்டில் ஒரு விரல் பிடித்தேன். அளவு எடுக்கப் போனபோதுதான் அந்தத் தாளைப் பார்த்தேன். அவர்கள் வீட்டில் கூடமும் அடுப்படியும் ஒன்றுதான், நடுவில் சுவர் இல்லை. ஃபிரிட்ஜ் கதவில், எலுமிச்சம்பழ வடிவத்தில் ஒரு காந்தம், அதன் கீழே டிப்போ முத்திரை போட்ட தாள். நான் படிக்கவேண்டும் என்று படிக்கவில்லை. தண்ணி எடுக்கப் போனேன். எழுத்து பெரிதாக இருந்தது.

ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு ஊரில் புது டிப்போ திறக்கிறார்கள். அனுபவம் உள்ள ஓட்டுநர்கள் வேண்டும். தங்க இடம் உண்டு. போக விருப்பம், விருப்பமில்லை என்று இரண்டு கட்டம். அடுத்த வார வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தாள் டிப்போவுக்குப் போய்ச் சேரவேண்டும். போனால் மூன்று வருஷம். அவர் போகமுடியாது, பெட்டிக் கம்பெனி இந்த ஊரில்.

“அவருகிட்ட சொன்னியா?” என்றேன்.

“எதுக்குச் சொல்லணும். கண்ணு முன்னாடிதான ஒட்டியிருக்கேன்.”

“எப்பலருந்து?”

“முந்தாநாள் சாயங்காலம்.”

“அவரு பாக்கலயா?”

“தண்ணி பாட்டில் எடுத்தாரு, வச்சாரு. மறுபடி எடுத்தாரு.” நான் டேப்பை இடுப்பில் சுற்றுவதற்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். தூக்கின கை தானாக இறங்கியது, அவ்வளவு அசதி.

“வாயத் தொறந்து சொல்லித் தொலச்சா என்ன.”

“சொன்னா கேப்பாரு அக்கா. உக்காந்து நல்லாவே கேப்பாரு, அவரு கெட்டவர் இல்ல. சொல்லாம பாக்கறாரான்னு பாக்கறேன்.”

“இது என்ன புருஷனுக்குப் பரீட்ச?”

“கட்டடம் பூரா அவரு பரீட்ச வைக்கிறாரே. நான் ஒண்ணு வச்சா ஆகாதா?”

  டேப்பைச் சுற்றி முடிக்கும்போது அவளே சொன்னாள்.

“முன்னெல்லாம் நான் கதவத் தொறந்து வந்தா, வேல பாத்துக்கிட்டே ஓரக்கண்ணால ஒரு பார்வ பாப்பாரு. தல திரும்பாது. அந்த ஒண்ணுலயே எல்லாம் தெரிஞ்சுடும், சாப்பிட்டாரா, கோவமா, இன்னைக்குப் பேசலாமா வேண்டாமான்னு. அவருக்கும் என்னப் பத்தித் தெரிஞ்சுடும். இப்ப மொகத்த முழுசாத் திருப்பறாரு. அவரு திருப்பி முடிக்கறதுக்குள்ள நான் பாத்ரூமுக்குள்ள போயிடறேன்.”

தாள் ஒட்டின ஐந்தாம் நாள் போனபோது ‘போக விருப்பம்’ கட்டத்தில் ஒரு டிக் விழுந்திருந்தது. பென்சிலில். பென்சிலில் போட்ட டிக் எதற்காக என்று எனக்குத் தெரியாதா. தைக்கிறவள் நான், சுண்ணாம்புக் கோடு எதற்கு, நூல் எதற்கு என்று தெரியும்.

அதற்குப் பிறகு அவர் கழுத்தின் மேல் ஒரு கண் வைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, வேடிக்கைதான். படியிறங்குகிறவர் எதிரே யாராவது வந்தால் நின்று, மூக்கை நேராக அவர்கள் பக்கம் திருப்பி, பிறகுதான் வணக்கம் சொல்வார். திருப்பம் அவசரமில்லாமல், ஒரே சீராக, எண்ணெய் போட்ட கதவு மாதிரி இருக்கும். கடைத்தெருவில் ஒரு சைக்கிள்காரன் பக்கவாட்டில் வந்து பெல் அடித்தான். வேறு யாராக இருந்தாலும் கண் அந்தப் பக்கம் ஓடியிருக்கும். இவர் தலை மட்டும் நிதானமாகக் கிளம்பியது. அது போய்ச் சேர்வதற்குள் சைக்கிள் அடுத்த முனையில் இருந்தது, திட்டு மட்டும் இங்கே இருந்தது. நர்ஸ் அவர் பேரை ஆந்தை என்று மாற்றிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம், ஆந்தைக்குக் கண் தெரியும் என்றேன்.

வியாழக்கிழமை வந்தது. மதியம் இரண்டரை இருக்கும். பேன்ட் தைத்து நாலு நாளாகிவிட்டது, கொண்டுபோய்க் கொடுக்க அன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் அப்போதுதான் வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் போனில் இருந்தார். சரி, சரி, சரி என்று மூன்று தடவை சொல்லி வைத்தார்.

“நாளைக்குச் சாயங்காலம் கம்பெனிலருந்து வராங்களாம்,” என்றார், பொதுவாக. “ஆறு பேர். பெட்டிய இதுவரைக்கும் தொட்டதே இல்லையாம். ரெண்டு பேருக்கு மேல வாளி கேட்டா, இந்த வேலைய வேற குழுவுக்குக் குடுத்துடுவாங்க.” பிறகு என்னைப் பார்த்தார், அதாவது மூக்கை என் பக்கம் கொண்டுவந்தார். “அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சு புதுசா யாராவது…”

“என் வயிறு பழசு. கட்டடத்துல வேற யாரும் இல்ல. தபால்காரர்கூட நம்ம மாடிக்கு வர்றத நிறுத்திட்டாரு, கடிதமெல்லாம் கீழயே போட்டுடறாரு.”

 அவள் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

“நாளைக்கு எனக்கு வார லீவு. வண்டி இல்ல. குடுங்க, நான் மாட்டறேன்.”

“வேண்டாம். உனக்குக் கண்ணு…”

“நாளான்னைக்குக் காலைலதான் ஓட்டணும். அதுக்குள்ள சரியாயிடும். இது முடிஞ்சாத்தான் இந்த வீட்ல மத்தது எதுவும் நடக்கும்போல. குடுங்க.”

மத்தது என்ன என்று அவர் கேட்கவில்லை. பட்டையை அவள் தலைக்குத் தகுந்தபடி இழுத்துக் கட்டினார். அதை மட்டும் பதமாகச் செய்தார். வாளியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். வழுவழுப்பு எண் ஒன்பது.

“எந்தப் பக்கம் பாக்கணும்?”

“எங்க வேணா. இயல்பா பாரு.”

“இயல்பான்னா?”

“வீட்ல பாக்கற மாதிரி.”

“வீட்ல யாரு பாக்கறா,” என்றாள். அவர் அதைக் காதில் வாங்காமல் நோட்டை எடுத்துக்கொண்டார்.

இடது பக்கம் திரும்பினாள். நின்றாள். வலது பக்கம் திரும்பினாள். நின்றாள். மறுபடியும் இடது, இந்தத் தடவை வெடுக்கென்று.

“லேட்டா வருது,” என்றாள்.

“எது?”

“வீடு. நான் திரும்பி முடிச்சிட்டேன். வீடு பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு வந்து சேருது. அப்பறம் நான் நின்னுட்டேன், அது நிக்காம இன்னும் கொஞ்சம் போகுது.”

“அது வழுவழுப்பு. நடுக்கம் தெரியக்கூடாதுன்னு போட்டது. அந்தளவு லேட் இல்லையே. எனக்குத் தெரியல.”

அவள் பெட்டியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் குரல் டிப்போவில் பேசுகிற குரல்.

“எங்ககிட்ட ஒரு பழைய வண்டி இருக்கு. ஸ்டியரிங்க இவ்வளவு திருப்பினாலும் சக்கரம் கம்முனு கெடக்கும். அப்பறமா ஞாபகம் வந்து திரும்பும். அதையே மாசக்கணக்கா ஓட்டறவருகிட்ட கேட்டுப் பாருங்க, வண்டி அருமைம்பாரு. கை தானா முன்கூட்டியே திருப்பப் பழகிடும், அவருக்கே தெரியாது. அவர நல்ல வண்டில ஏத்தினா அன்னைக்குத்தான் நடைமேடைல ஏத்துவாரு. உங்க கழுத்தும் அப்படித்தான் பழகியிருக்கு.”

“எனக்குப் பழக்கமெல்லாம் இல்ல,” என்றார். “வயிறு ஸ்ட்ராங்.”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சைக்கிள்காரன் கதையைச் சொல்லிவிட்டேன். படியில் வணக்கம் சொல்வதையும் சொன்னேன். நடித்தும் காட்டினேன், கொஞ்சம் கூட்டித்தான். அவர் சிரிக்கவில்லை. நோட்டைக் கீழே வைத்தார்.

“அந்தக் கதவப் பாருங்க,” என்றாள் அவள்.

பார்த்தார். மூக்கு முதலில் புறப்பட்டது, கண் அதோடு கட்டிப்போட்ட மாதிரி போனது, தோள்கூடக் கொஞ்சம் சேர்ந்து திரும்பியது. எல்லாம் ஒரே சீராக.

“மனுஷனுக்குக் கண்ணுதான் முன்னாடி போகும்,” என்றாள். “வேணும்னா கழுத்து அப்பறமா வரும். நான் ஒரு நடைக்கு முந்நூறு தடவ சைடு கண்ணாடி பாக்கறேன். ஒவ்வொரு தடவையும் கழுத்தத் திருப்பினா சாயங்காலம் தலையக் கழட்டி மடில வச்சுக்கிட்டுத்தான் வரணும்.”

“பெட்டிக்குள்ள ஓரம் மங்கலாத்தான் தெரியும்,” என்றார் மெதுவாக. “கண்ண மட்டும் ஓட்டிப் பிரயோஜனம் இல்ல. அதனால…” அவர் முடிக்கவில்லை. எட்டு மாதத்தை மனதுக்குள் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. கேமராவை மனிதன் மாதிரி பார்க்கவைக்கக் கூலிக்கு உட்கார்ந்தவர், கேமரா மாதிரி பார்க்கிற மனிதராகிவிட்டார். ஆடுது என்று ஊரே சொன்னபோதெல்லாம் அவர் தாமதத்தைத்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

எண்ணைக் குறைத்தார். ஒன்பதிலிருந்து ஆறு. அவள் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்து, இன்னும் என்றாள். நாலு. இன்னும். ஒன்று.

“லேசா நடுங்குது,” என்றாள். “ஆனா அது என் நடுக்கம்தான். நான் திரும்பினா திரும்புது, நின்னா நிக்குது.” அடுப்படிவரை சுற்றிப் பார்த்தாள். “இங்க ஜன்னல் நல்லாருக்கு.”

“பத்துக்கு எவ்வளவு?”

“ரெண்டு. அதுவும் இந்தப் பெட்டி மூக்குல அழுத்தறதுக்கு.”

நோட்டில் எழுதினார். எட்டு மாதத்தில் அந்த நோட்டு கண்ட முதல் இரண்டு அதுதான். அவருக்குச் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், சந்தோஷம் வர அவரிடம் தெம்பு இல்லை. பெட்டியை வாங்கித் தான் மாட்டிக்கொண்டார். ஜம்பமாகத்தான் நின்றார். இடது பக்கம் திரும்பினார். அந்த வீடு அவருக்கு முன்னால் ஓடியிருக்கவேண்டும். திடுக்கிட்டு வலது பக்கம் இழுத்தார், அதுவும் அதிகமாகப் போயிற்று. மூன்றாவது திருப்பத்தில் சோபாவைத் தடவித் தேடி உட்கார்ந்தார். பெட்டியைக் கழற்றினபோது முகம் பாகற்காய் நிறத்தில் இருந்தது. நீல வாளி, இத்தனை பேருக்கு உழைத்துவிட்டு, கடைசியில் முதலாளியின் மடிக்கே வந்து சேர்ந்தது.

“பத்து,” என்றார் வாளிக்குள்.

அவள் எழுந்து போய் அவர் பிடரியில் கை வைத்தாள். “தலைய அசைக்காதீங்க. கண்ண மட்டும் தூக்குங்க. தள்ளி இருக்கற, அசையாத ஒண்ணப் பாருங்க. பஸ்ல வாந்தி வர்றவங்களுக்கு நாங்க இதத்தான் சொல்வோம்.”

அவர் கண் மேலே வந்தது. முதலில் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

“முள்ளு ஓடுது,” என்றார்.

பிறகு ஜன்னல் திரைக்கு. “திரை ஆடுது.”

பிறகு அடுப்படிப் பக்கம். தலை திரும்பவில்லை, அவள் கை அதைப் பிடித்திருந்தது. கண் மட்டும், ஓரத்துக்கு, ஃபிரிட்ஜுக்குப் போனது. அங்கே நின்றது. எலுமிச்சம்பழக் காந்தத்தில் கொஞ்ச நேரம். பிறகு அதற்குக் கீழே இறங்கியது. உதடு அசைவதை நான் பார்த்தேன். டிப்போ எழுத்து பெரிசு என்றுதான் முன்னாலேயே சொன்னேனே.

“அது என்ன?” என்றார்.

“படிச்சீங்களே.”

“எப்ப வந்துச்சு?”

“பன்னெண்டு நாள் ஆச்சு.”

“பன்னெண்டு நாளும் அங்கயேவா இருந்துச்சு?”

“அது எங்கயும் போகல.”

வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “பெட்டிக்குள்ள இருக்கற வீட்லயும் ஒரு ஃபிரிட்ஜ் இருக்கு,” என்றார். “அதோட கைப்பிடி எந்தப் பக்கம், அதுல வெளிச்சம் எங்கருந்து விழுது, எல்லாம் சொல்லுவேன்.”

 அவள் பிடரியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“டிக் போட்டிருக்க.”

“பென்சில்ல.”

“போகணும்னு இருக்கா உனக்கு?”

“மொத நாள் இல்ல. அஞ்சாம் நாள் இருந்துச்சு, நெசமாவே இருந்துச்சு. அங்க போனா வேல முடிஞ்சு வந்து ஒரு ரூம்ல தனியாப் படுத்துக்கலாம், இங்கயும் கிட்டத்தட்ட அப்படித்தானேன்னு தோணுச்சு.” கொட்டாவி வந்தது, அதை அடக்கவில்லை. “இப்ப தூக்கம்தான் வருது.”

“போகாதன்னு சொல்ல எனக்கு மூஞ்சி இல்ல,” என்றார்.

“அதான் வாளிக்குள்ள இருக்கே.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் நின்றது. அப்போதுதான் நான் ஒருத்தி கையில் பேன்ட்டோடு நின்றுகொண்டிருப்பது அவளுக்கு நினைவு வந்தது.

“பேன்ட் சரியா இருக்கு அக்கா,” என்றாள்.

போட்டுப் பார்க்காமலே. எனக்குப் புரியாமலா போகும். மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பின்னாலேயே கதவு சாத்திக்கொண்டது. இந்தக் கட்டடத்துச் சுவர்கள் பொதுவாக எனக்கு ஒத்தாசை செய்கிறவை. அன்றைக்கு வாளி கழுவுகிற சத்தம் மட்டும் வந்தது. ரொம்ப நேரம் கழித்து இரண்டு தட்டு வைக்கிற சத்தம். நடுவில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் சாயங்காலம் அந்த ஆறு பேரில் ஒருத்தர்தான் வாளி கேட்டாராம், அவரும் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வந்தவராம். பெட்டிக்காரர் தன் முறை வந்தபோது தலைவலி என்று சொல்லித் தப்பித்துவிட்டாராம். ஒன்று என்ற எண்ணில் அவர் கழுத்து பழைய நிலைமைக்கு வர ஒரு மாதம் பிடிக்கும் என்று அவள் கணக்குச் சொன்னாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் என் வாசலில் நின்றாள். அந்த நேரத்தில் அவளைத் தூங்கி எழுந்த முகத்தோடு நான் பார்த்ததே இல்லை. கன்னத்தில் தலையணை மடிப்பு.

“அக்கா, ரப்பர் இருக்கா? அழிக்கற ரப்பர்.”

கேட்கவேண்டிய கேள்விகள் தொண்டைவரை வந்து வரிசையில் நின்றன. ஒன்றையும் விடவில்லை. “பேனா வேணாமா?” என்று மட்டும் கேட்டேன்.

“பேனா அவரு தேடிக்கிட்டு இருக்காரு.”

என்னிடம் ரப்பர் எதற்கு இருக்கப்போகிறது, நான் சுண்ணாம்பால் கோடு போடுகிறவள். ஆனாலும் மூன்று இழுப்பறையையும் கவிழ்த்துப் போட்டேன். பழைய பட்டன் டப்பாவின் அடியில் ஒன்று கிடந்தது, என்றைக்கோ யாரோ பாக்கெட்டில் விட்டுப் போனது, கல்லு மாதிரி. எடுத்துக்கொண்டு போனாள். கதவு திறந்திருந்தது. அவர் அலமாரியில் எதையோ துழாவிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். அவள் உள்ளே நுழைந்ததும் துழாவுகிற கை நிற்கவில்லை, தலையும் திரும்பவில்லை. கண் மட்டும் ஓரத்துக்கு வந்து அவளைத் தொட்டுவிட்டுப் போனது. கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் வந்தது, பழக்கம் விட்டுப்போன கதவு மாதிரி.

பதினொன்றே காலுக்கு, தாளை உறையில் போட்டுக்கொண்டு, ரப்பரைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.

“கறுப்பாத் தேச்சு விட்டுடுச்சு அக்கா. டிக் போட்ட எடம் நல்லாவே தெரியுது. டிப்போல கேப்பாங்க.”

“கேட்டா?”

“ரப்பர் பழசுன்னு சொல்லுவேன்.”

லிஃப்ட் பட்டனைப் பழக்கத்தில் அழுத்தினாள். பிறகு நினைவு வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நிற்கிற சத்தம் கேட்டது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவர் செருப்பைப் பாதி மாட்டியும் மாட்டாமலும் வெளியே வந்தார்.

“இரு, நானும் வரேன்,” என்று கீழே பார்த்துச் சொன்னார்.

“மெதுவா வாங்க,” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “படியப் பாத்து.”